எத்தனை முறை ரிப்பேர்?

விலை கொடுத்து ஒரு பொருளை வாங்குகிறவன் அப்பொருளினால் விளையும் பயனுக்காகவே விலை கொடுக்கிறான். பயன் தராத பொருளை அவன் கையில் ஒப்படைத்துவிட்டு, ரிப்பேர் செய்து தருகிறோம் என்று மாதக் கணக்கில் அவனை அலைக்கழிப்பது வியாபாரமாகாது. ஆயினும் நமது தேசத்தில் கம்ப்யூட்டர் யந்திரம் வாங்கும் சாமானிய ஜனங்கள் பலருக்கு நேருவது இதுவே. யந்திரம் நின்றுவிடுகிறது. கடைக்காரர் கம்பெனியைக் காட்டுகிறார். கம்பெனி ரிப்பேர் நிலையத்தைக் காட்டுகிறது. ரிப்பேர் நிலையத்தாரோ ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்து, இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லுகிறார்கள். திரும்பி வந்த யந்திரம் அதே கோளாறினால் மறுபடியும் நின்றுவிடுகிறது. எத்தனை முறைதான் இந்தப் பிரதக்ஷிணம் நடக்க வேண்டும்? இக்கேள்விக்கு நமது சட்டப் புத்தகத்தில் நேரான விடை இல்லை. அவ்விடை எழுதப்பட வேண்டிய காலம் வந்துவிட்டதென்பது நமது அபிப்பிராயம். அதுவரையில், கையிலுள்ள சட்டத்தைக் கொண்டே ஜனங்கள் எவ்வளவு தூரம் போகலாம் என்பதையும் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

நகரவாசிகளுக்கு இது ஒரு தொந்தரவு. மலைவாசிகளுக்கோ ஜீவனப் பிரச்னை. நீலகிரி ஜில்லாவின் மேற்கோரத்தில், கேரள எல்லையை அடுத்து, பந்தலூர்த் தாலுகாவில் உள்ளது நெல்லியாளம் நகராட்சி. பெயர்தான் நகராட்சி, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் குடியிருப்புகளின் தொகுதி என்பதே பொருந்தும். 1964-ம் வருஷத்து ஸ்ரீமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின் இலங்கையினின்று திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் பல இவ்வட்டாரத்துத் தோட்டங்களில் உழைத்துப் பிழைத்து வந்தன. அத்தகைய குடும்பத்து இளைஞர் ஒருவர், கடன் வாங்கி ஒரு கம்ப்யூட்டரும் அச்சிடும் கருவியும் வாங்கி, ஜாதிச் சான்றுக்கும் பென்ஷனுக்கும் மனுக்கள் தயாரித்துக் கொடுத்துப் பிழைக்க முற்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் மாதத்தில் யந்திரம் நின்றுவிடுகிறது. ரிப்பேர் நிலையம் கோயமுத்தூரில் இருக்குமானால், அவர் கூடலூர் வந்து, நடுவட்டம் மலையேறி, உதகை கடந்து, மேட்டுப்பாளையம் இறங்கிப் போகவேண்டும். போக ஒரு நாள், வர ஒரு நாள். யந்திரத்தைக் கொடுக்க ஒரு பிரயாணம், வாங்க மற்றொரு பிரயாணம். அந்நாட்களில் கடை மூடிக் கிடக்கும். கடனுக்கு வட்டி மூடிக் கிடக்காது.

இப்படி மூன்று முறை அலைந்தபின் அவருக்குக் கிடைக்கக்கூடிய பதில்கள் என்ன? "உங்கள் ஊரில் மின்சாரம் ஏறி இறங்குகிறது, மழைக்காலத்து ஈரம் அதிகம், கோளாறு அதனால் வந்தது" என்பது ஒன்று. "உத்தரவாதப் பத்திரத்தின்படி ரிப்பேர் செய்வதே எங்கள் கடமை, மாற்றித் தருவதோ பணம் திருப்புவதோ ஷரத்தில் இல்லை" என்பது இரண்டாவது. "உத்தரவாதக் காலம் சென்ற வாரத்தோடு தீர்ந்துவிட்டது" என்பது மூன்றாவது. யந்திரம் கம்பெனியின் மேஜைமேல் கிடந்த நாட்களெல்லாம் வாங்கியவரின் கணக்கிலேயே கழிக்கப்படுகின்றன. தவணை கட்டுகிறவர் அவர், காத்திருக்கிறவரும் அவர், காலம் கடந்ததற்குத் தண்டனை அடைகிறவரும் அவரே. இது என்ன நியாயம்?

வாங்குகிறவனே விழிப்பாயிருக்க வேண்டும் என்பது ஆங்கிலேயர் கொண்டுவந்த பழைய வியாபாரச் சட்டத்தின் சூத்திரம். இந்தச் சூத்திரத்தின் பலனை நெல்லியாளம் பிரதேசத்து மண்ணே ஒரு காலத்தில் கண்டது. 1880-ம் வருஷத்தை ஒட்டித் தேவாலா, பந்தலூர்ப் பகுதிகளில் தங்கம் விளைகிறதென்று பெருங் கிளர்ச்சி எழுந்தது. சர்க்காரே ஆஸ்திரேலியாவில் அனுபவம் பெற்ற பிரோ ஸ்மித் என்ற நிபுணரை வரவழைத்து ஆராயச் செய்தது. லண்டனில் கம்பெனிகள் முளைத்தன. பங்குகள் விலை போயின. பெரும் யந்திரங்கள் மலைமேல் ஏற்றப்பட்டன. எதிர்பார்த்த தங்கம் கிடைக்கவில்லை. சில ஆண்டுகளுக்குள் கம்பெனிகள் சரிந்தன. யந்திரங்கள் காட்டில் துருவேறிக் கிடந்தன. நிபுணர் வாக்கையும் விளம்பரத்தையும் நம்பிப் பணம் போட்டவர்களுக்கு, "நீங்கள் விழிப்பாயிருந்திருக்க வேண்டும்" என்பதைத் தவிர வேறு ஆறுதல் இல்லை. தரையின் அடியிலுள்ள தங்கத்தை வாங்குகிறவன் எப்படிப் பார்த்து அறிய முடியாதோ, அப்படியே மூடிய பெட்டிக்குள் இருக்கும் மின்னணுப் பலகையின் குணத்தையும் அவன் பார்த்து அறிய முடியாது. பார்க்க முடியாத பொருளில் விழிப்பாயிரு என்பது குருடனிடம் வழி கேட்பதற்கு ஒப்பாகும்.

அந்நிய ஆட்சிக் காலத்திலேயே இச்சூத்திரத்தின் கடுமை சிறிது தணிக்கப்பட்டது. 1930-ம் வருஷத்துப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 16-வது பிரிவு, இன்ன காரியத்திற்கு வேண்டும் என்று விற்பவரிடம் தெரிவித்து, அவருடைய திறமையை நம்பி வாங்கினால், பொருள் அக்காரியத்திற்குத் தக்கதாயிருக்க வேண்டுமென்பது சொல்லாமலே விளங்கும் நிபந்தனை என்று கூறுகிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பைப் பெற வேண்டுமானால் சிவில் கோர்ட்டுக்குப் போகவேண்டும். ஸ்டாம்புக் கட்டணம் கட்டவேண்டும். வாய்தாக்களை எண்ணிக் கொண்டிருக்க வேண்டும். கம்ப்யூட்டருக்காக அவ்வளவு தூரம் போகிறவர் எத்தனை பேர்? உரிமை புஸ்தகத்தில் இருந்தது. அதை அடையும் வழி ஏழைக்கு மூடிக் கிடந்தது.

சுதந்திர பாரதத்தின் பார்லிமெண்டு 1986-ல் நிறைவேற்றிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அந்த வழியைத் திறந்தது. அதற்குப் பதிலாக வந்த 2019-ம் வருஷத்துச் சட்டம், 2020 ஜூலை முதல் அமலில் இருந்து வருகிறது. இதன்படி, சட்டத்தினாலோ ஒப்பந்தத்தினாலோ விற்பவரின் சொல்லினாலோ எதிர்பார்க்கப்படும் தரத்தில் எந்தக் குறை இருந்தாலும் அது பொருளின் பழுது. செய்ய வேண்டிய வேலையைச் சரியாகச் செய்யாமல் விட்டால் அது சேவைக் குறைபாடு. ஆகவே, மறுபடி மறுபடி நின்றுபோகும் கம்ப்யூட்டரின் சொந்தக்காரருக்கு இரண்டு வாசல்கள் இருக்கின்றன. பொருளே பழுதானது என்று தயாரித்தவர் மேலும் விற்றவர் மேலும் முறையிடலாம்; ரிப்பேர் சரியில்லை என்று ரிப்பேர் செய்தவர் மேலும் முறையிடலாம். உத்தரவாதக் காலம் தீர்ந்தபின் கூலி வாங்கிக்கொண்டு ரிப்பேர் செய்தவரும் இந்தச் சட்டத்திற்குத் தப்பியவர் அல்லர்.

பிழைப்புக்காகக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர் நுகர்வோர் ஆவாரா என்று ஓர் ஆட்சேபம் கிளப்பப்படும். வியாபார நோக்கத்திற்காக வாங்குகிறவர் இச்சட்டத்தில் சேரமாட்டார் என்பது மெய்யே. ஆனால், சுயதொழிலால் தன் ஜீவனத்தைத் தேடுவதற்காக மட்டும் வாங்கித் தானே உபயோகிப்பவர் அவ்விலக்கில் அகப்படமாட்டார் என்றும் சட்டமே விளக்கம் கூறுகிறது. கோயமுத்தூர் பி.எஸ்.ஜி. தொழில் நிலையத்தினிடம் வாங்கிய யந்திரத்தைப்பற்றி லக்ஷ்மி எஞ்சினீயரிங் ஒர்க்ஸ் என்ற ஸ்தாபனம் தொடுத்த வழக்கில், 1995-ல் சுப்ரீம் கோர்ட்டு இவ்விஷயத்தைத் தெளிவாக்கிற்று. அந்த ஸ்தாபனம் பெரிய அளவில் தொழில் நடத்துவதால் நுகர்வோர் ஆகாதென்று தீர்ப்பாயிற்று. எனினும், பிறருக்குத் தட்டெழுதிக் கொடுத்துப் பிழைக்க ஒரு டைப்ரைட்டர் வாங்கித் தானே உபயோகிப்பவர் நுகர்வோரே என்பதை அத்தீர்ப்பு உதாரணமாகவே எடுத்துக் காட்டியது. அன்றைய டைப்ரைட்டரின் ஸ்தானத்தில் இன்று கம்ப்யூட்டர் இருக்கிறது. பந்தலூரில் மனு எழுதிக் கொடுக்கும் இளைஞருக்கு இத்தீர்ப்பு ஒரு கேடயம்.

இனி, சட்டத்தின் ஓட்டைக்கு வருவோம். ஜில்லாக் கமிஷன் பழுதை நீக்கச் சொல்லலாம். புதிய பொருள் கொடுக்கச் சொல்லலாம். விலையை வட்டியுடன் திருப்பச் சொல்லலாம். நஷ்ட ஈடும் விதிக்கலாம். ஆனால் எத்தனை முறை ரிப்பேர் தவறினால் மாற்றுப் பொருளோ பணமோ வாங்கியவரின் உரிமையாகிறது என்று சட்டம் எண்ணிட்டுச் சொல்லவில்லை. அது ஒவ்வொரு வழக்கிலும் கமிஷனின் யுக்தத்திற்கு விடப்பட்டிருக்கிறது. விளைவு என்ன? 2004-ல் ஜோஸ் பிலிப் மாம்பிள்ளில் வழக்கில், பழுதான காரைப் புதிய கார் என்று விற்றதையும், குறையை ஒப்புக்கொள்ளாமல் கம்பெனி வழக்காடியதையும் சுப்ரீம் கோர்ட்டு கண்டித்தது. 2006-ல் மாருதி உத்யோக் கம்பெனிக்கும் சுசில் குமார் கப்கோத்ராவுக்கும் நடந்த வழக்கிலோ, உத்தரவாதத்தின் ஷரத்து பழுதான பாகத்தை மாற்றுவதற்கே இருக்கும்போது முழுக் காரையும் மாற்றித் தரச் சொல்வது தவறு என்று அதே கோர்ட்டு கூறியது. இரண்டும் கார் வழக்குகளாயினும், கம்ப்யூட்டர் கம்பெனிகளின் வக்கீல்கள் இரண்டாவது தீர்ப்பையே கையில் ஏந்தி வருவார்கள். உத்தரவாதப் பத்திரத்தை எழுதுகிறவர் கம்பெனியார். வாங்குகிறவர் அதில் ஓர் எழுத்தையும் மாற்ற முடியாது. தானே எழுதிய ஷரத்தைத் தனக்கே கோட்டையாகக் கொள்ள ஒரு கட்சிக்கு இடமளிப்பது சமத்துவமாகாது.

பிற தேசங்கள் இவ்விஷயத்தில் என்ன செய்திருக்கின்றன? அமெரிக்காவில் உதவாக்கரைக் காருக்கு எலுமிச்சம்பழம் என்று பரிகாசப் பெயர். கனெக்டிகட் ராஜ்யம் 1982-ல் எலுமிச்சைச் சட்டம் என்றே வழங்கும் ஒரு சட்டத்தை இயற்றியது. ஒரே பழுதை நான்கு முறை சரிசெய்ய முயன்றும் முடியாவிட்டால், அல்லது கார் 30 நாட்கள் ரிப்பேரில் கிடந்துவிட்டால், நியாயமான சந்தர்ப்பம் அளிக்கப்பட்டாயிற்று என்று சட்டமே ஊகித்துக்கொள்ளும். மற்ற ராஜ்யங்களும் இவ்வழியைப் பின்பற்றின. நம்மவர் பெருந்தொகையாக வாழும் சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் அமலிலுள்ள சட்டம் கார்களோடு நிற்காமல் கம்ப்யூட்டர் போன்ற பொருள்களையும் தழுவுகிறது. பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்திற்குள் பழுது தோன்றினால், அது ஆரம்பத்திலேயே இருந்ததென்று கொள்ளப்படும். இல்லையென்று நிரூபிப்பது விற்பவரின் பாரம். பிரிட்டனின் 2015-ம் வருஷத்துச் சட்டமோ இன்னும் திட்டமானது. ஒரே ஒரு ரிப்பேர் தவறினாலும், பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடவோ விலையில் குறைத்துக்கொள்ளவோ வாங்கியவருக்கு உரிமை பிறக்கிறது. ஐரோப்பிய யூனியன் 2024-ல் ஏற்றுக்கொண்ட சட்டம், உத்தரவாதக் காலத்தில் ரிப்பேரை ஏற்றுக்கொண்டவருக்கு உத்தரவாதத்தை மேலும் ஓராண்டு நீட்டுகிறது. லண்டன் கடையில் வாங்குகிறவருக்கு ஒரு நீதியும், அதே விதமான யந்திரத்தைக் கூடலூர்க் கடையில் வாங்குகிறவருக்கு வேறொரு நீதியும் ஏன் இருக்கவேண்டும்?

ஆகவே, பார்லிமெண்டின் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறோம். முதலாவது, ஒரே கோளாறு இரண்டு முறை ரிப்பேர் செய்தும் திரும்பி வந்தால், மாற்றுப் பொருளா, பணமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்கியவரைச் சேரவேண்டும். இரண்டாவது, யந்திரம் கம்பெனியின் கையில் இருக்கும் நாட்கள் உத்தரவாதக் காலத்தில் கழிக்கப்படாமல், அத்தனை நாட்களும் அதனோடு கூட்டப்பட வேண்டும். மூன்றாவது, முதல் ஆறு மாதத்தில் தோன்றும் பழுதுக்கு வாங்கியவர் காரணமல்லர் என்ற ஊகத்திலிருந்தே விசாரணை தொடங்கவேண்டும். மின்சாரம் ஏறியது, மழை பெய்தது என்று சொல்லுகிறவர் அதை நிரூபிக்கட்டும். தேவாலாப் பக்கத்து மழை ஊரறிந்த விஷயம். அங்கே விற்கிறவருக்கும் அது தெரியும். தெரிந்தே விற்றவர் பின்னர் மழையைச் சாக்குச் சொல்லலாகாது.

இதனால் பொருள்களின் விலை ஏறும் என்று ஒரு சாரார் கூறுவர். பழுதான பொருளின் நஷ்டம் இன்றைக்கும் ஒருவர் தலையில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. ஆயிரக்கணக்கில் விற்பவர் அதைத் தம் விற்பனை முழுவதிலும் பரப்பித் தாங்கக்கூடும். ஒரே யந்திரத்தை நம்பிப் பிழைப்பவர் தாங்கமாட்டார். கைதவறிக் கீழே போட்டவரும் உரிமை கொண்டாடுவாரே என்று கேட்பர். அப்படிப்பட்டவரின் கோரிக்கையை நிராகரிக்கச் சாக்ஷியம் கம்பெனியின் ரிப்பேர் மேஜையிலேயே கிடைக்கும். நேர்மையான வியாபாரிக்கு இதனால் லாபமே உண்டு. இரண்டாம் ரிப்பேரிலேயே கணக்குத் தீரவேண்டுமென்றால், முதல் ரிப்பேரைச் செவ்வையாகச் செய்கிற கம்பெனி முன்னுக்கு வரும்.

சட்டம் திருந்தும்வரை ஜனங்கள் கைகட்டி நிற்கவேண்டியதில்லை. நீலகிரி ஜில்லாவுக்குரிய நுகர்வோர் கமிஷன் உதகமண்டலத்தில் இருக்கிறது. கம்பெனி எவ்வூரில் இருந்தாலும், வாங்கியவர் தாம் வசிக்கும் ஜில்லாவின் கமிஷனிலேயே முறையிடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணமே இல்லை. பந்தலூரிலிருந்து உதகை ஏறத்தாழ 75 கிலோமீட்டர். அதுவும் ஏழைக்குத் தூரமே. ஆனால் மனுவை இணையத்தின் மூலம் அனுப்பவும், விசாரணையில் காணொளி மூலம் கலந்துகொள்ள விண்ணப்பிக்கவும் இடமிருக்கிறது. வக்கீல் வைத்துக்கொள்வது கட்டாயமன்று. வக்கீல் தொழிலை அறிந்த நாமே இதைச் சொல்லுகிறோம். 1915 என்ற தேசிய உதவித் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே குறையைத் தெரிவிக்கலாம். பல விவகாரங்கள் வழக்கின்றியே அங்கு தீர்கின்றன.

இதில் ஜயிக்கிறவர் சீட்டுகளைப் பத்திரப்படுத்தியவரே என்பதை ஒவ்வொருவரும் நினைவில் வைக்கவேண்டும். விலை ரசீதையும் உத்தரவாதப் பத்திரத்தையும் எறிந்துவிடலாகாது. ஒவ்வொரு முறையும் யந்திரத்தைக் கொடுக்கும்போது, என்ன கோளாறு என்பதைத் தேதியுடன் சீட்டில் எழுதச் சொல்லி வாங்கவேண்டும். "பரிசீலனைக்கு" என்று மட்டும் எழுதினால் ஒப்புக்கொள்ளக் கூடாது. திரும்பப் பெறும்போது என்ன பாகம் மாற்றப்பட்டது என்பதையும் எழுதி வாங்கவேண்டும். பரிசோதனை செய்தாலன்றிப் பழுதை அறிய முடியாத இடத்தில் பொருளைச் சோதனைச் சாலைக்கு அனுப்பக் கமிஷனுக்கு அதிகாரம் உண்டு. அதற்குரிய செலவை முதலில் முறையிடுகிறவரே கட்டும்படியும் நேரலாம். ஆனால் கம்பெனியின் சீட்டுகளே ஒரே கோளாற்றை நான்கு முறை ஒப்புக்கொண்டிருக்கும்போது, சோதனைச் சாலைக்கு என்ன வேலை என்று கமிஷனிடம் தைரியமாக வாதிக்கலாம். இரண்டாம் ரிப்பேர் தவறியவுடனே கம்பெனிக்கும் கடைக்காரருக்கும் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்துவிடுவது நலம். முறையீட்டுக்குக் காலவரை இரண்டு வருஷம். கம்பெனியோடு கடிதம் எழுதிக்கொண்டே இருப்பதனால் அக்காலம் நிற்காது. தீர்ப்பை மதிக்காதவருக்குச் சிறைத்தண்டனையும் 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது.

குறைகள் இல்லாமல் இல்லை. மூன்று மாதத்திலும், சோதனை வேண்டிய வழக்கானால் ஐந்து மாதத்திலும் முடிக்கச் சட்டம் சொல்லுகிறது. நடைமுறையில் அதற்கு வெகு காலம் மேலும் செல்லுகிறது. கமிஷன்களில் காலி ஸ்தானங்கள் நிரப்பப்படாததைக் கண்டு 2021-ல் சுப்ரீம் கோர்ட்டு தானாகவே வழக்கு எடுத்து விசாரிக்க வேண்டியதாயிற்று. கோர்ட்டு கேட்டபின்தான் சர்க்கார் ஆசனங்களை நிரப்பும் என்றால், ஜனப் பிரதிநிதிகள் எதற்கு? இதைச் சட்டசபையிலும் பார்லிமெண்டிலும் எழுப்ப வேண்டியவர்களை எழுப்பும் கடமை நம் எல்லோருடையதுமாகும்.

தேச ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. கூட்டம் கூட்டிப் பேசுவது மாத்திரம் அரசியல் என்று எண்ணலாகாது. தோட்டத்துக் குடியிருப்பில் ஒருவருடைய மனுவைப் பிழையின்றி எழுதிக் கொடுப்பதும் அரசியலே. அங்கீகரிக்கப்பட்ட நுகர்வோர் சங்கம் தானே முறையீடு செய்யச் சட்டம் இடமளிக்கிறது. ஒரே குறையுள்ள பலர், கமிஷனின் அனுமதி பெற்று ஒன்றுகூடியும் முறையிடலாம். ஒரே மாதிரி யந்திரத்தை வாங்கி ஒரே கோளாற்றினால் வருந்துவோர் ஒரு தாலுகாவில் பத்துப் பேர் இருப்பின், அவர்களை ஒன்று சேர்க்க ஓர் ஊழியர் போதும். தனி மனிதனுடைய சீட்டைப் புறக்கணிக்கும் கம்பெனி, பத்துப் பேருடைய முறையீட்டைப் புறக்கணிக்க யோசிக்கும்.

சுயராஜ்யம் கோட்டையில் கொடியேற்றியதோடு முடிந்த காரியமன்று. ஓட்டுச் சாவடியில் ஒவ்வொருவரும் சமம் என்று அரசியல் சாசனம் நிர்ணயித்திருக்கிறது. கடைவாசலிலும் அதே சமத்துவம் விளங்கவேண்டும். கடன் பட்டு வாங்கிய யந்திரம் மூன்றாம் முறையும் நின்றுபோய், அதை மூட்டையாகக் கட்டிக்கொண்டு விடியற்காலைப் பஸ்ஸுக்கு நிற்கும் மலைநாட்டு இளைஞருக்கு, "இனி நீங்கள் அலைய வேண்டாம், அலைய வேண்டியவர் விற்றவர்" என்று சொல்லும் சட்டம் வேண்டும். அதை இயற்றும்படி பார்லிமெண்டைக் கேட்பது நமது உரிமை. இயற்றும்வரை ஓயாது கேட்பது நமது கடமை.